புல்ட் த்ரூ என்றொரு தந்தி

சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது இருபது. எழுபதுகளின் பிற்பகுதி. தமிழ் மீடியத்தில் பதினொன்றாவது முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தேன். எடப்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு ஓட்டுக் கட்டடம், இரண்டு மேஜை, ஒரு பெஞ்சு, ஒரு டெலிபோன், சுவரில் பெரிய இந்தியா மேப். முதலாளிக்கு ஏழு லாரிகள். ஒவ்வொரு லாரிக்கும் ஒரு கலர் குண்டூசி. காலையில் வந்ததும் மேப்புக்கு முன்னால் நின்று குண்டூசிகளை நகர்த்துவதுதான் அவருடைய முதல் வேலை.

எந்தக் குண்டூசியை எங்கே நகர்த்துவது என்பதை வெளியூர் ஏஜென்சிகளிலிருந்து வரும் தந்திகள் சொல்லும். தந்தி இங்கிலீஷில் இருக்கும். படித்துச் சொல்வது என் வேலை.

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷை நான் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் படித்திருந்தேன். கோ என்றால் போ, கம் என்றால் வா, டேக் என்றால் எடு. அப், டவுன், ஆஃப், அவுட் என்ற குட்டி வார்த்தைகளுக்கும் தனித்தனியாக அர்த்தம் தெரியும். பெரிய வார்த்தையும் குட்டி வார்த்தையும் ஒன்றாகச் சேர்ந்தால் இரண்டுமே குணம் மாறிவிடும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முதல் வாரமே ஒரு தந்தி வந்தது: 'லாரி ஹெல்ட் அப் அட் செக்போஸ்ட்'.

"வண்டியச் செக்போஸ்ட்ல தூக்கிப் புடிச்சிருக்காங்களாமுங்க" என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்தார். "பத்து டன் லோடோட எவன் அம்மிணி தூக்கிப் புடிப்பான்? கிரேன் வெச்சா?"

நான் தந்தியை மறுபடியும் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. அவரே சிரித்துக்கொண்டு, "நிறுத்தி வெச்சிருக்கானுங்க. செக்போஸ்ட்ல வேற என்ன பண்ணுவானுங்க?" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். இங்கிலீஷ் எழுத்தே தெரியாதவர், செக்போஸ்ட் என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு மீதியைக் கண்டுபிடித்துவிட்டார். அது எத்தனை பெரிய வித்தை என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

அடுத்த மாதம் நான் செய்தது இன்னும் மோசம். பம்பாயில் எங்கள் லாரி ஒன்று திரும்பி வர லோடுக்காகக் காத்திருந்தது. 'பார்ட்டி பேக்ட் அவுட்' என்று தந்தி. பேக் என்றால் பின்னால். அவுட் என்றால் வெளியே. எனக்குக் கூச்சமாகிவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டு, "லோடு தர்ற பார்ட்டி... கொல்லைப் பக்கமா வெளிய போயிருக்காருங்க" என்றேன்.

"போனா வரட்டுமே. இதுக்கெல்லாமா தந்தி குடுப்பாங்க?" என்றார் முதலாளி. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வவுத்துக்குச் சேரலையாட்ட இருக்குது. பாவம்" என்றார்.

வண்டி இரண்டு நாள் அங்கேயே நின்றது. மூன்றாம் நாள் டிரைவரே ட்ரங்க் கால் போட்டு, பார்ட்டி லோடு தர மாட்டேன் என்று எப்போதோ சொல்லிவிட்டதாகச் சொன்னார். முதலாளி ரிசீவரை வைத்துவிட்டு மேப்பையே பார்த்தபடி நின்றார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு அவருடைய தோள் குலுங்குவது தெரிந்தது. "கொல்லைப் பக்கமா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒரு மாதம் வரைக்கும் ஆபீசுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதைதான்.

எனக்கு ரோஷம் வந்து சேலத்தில் ஒரு டிக்‌ஷனரி வாங்கினேன். பேக், பிரேக், புட், டேக் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பட்டாளமே நின்றது. வீட்டில் உட்கார்ந்து மனப்பாடம் செய்வேன். பஸ் சங்ககிரி வருவதற்குள் பாதி மறந்துவிடும். கையெழுத்துப் போடத் தெரியாத டிரைவர்களோ, 'வண்டி பிரேக் டவுன் ஆயிடுச்சுங்க' என்று ஒரு தப்பும் இல்லாமல் சொல்லிவிட்டுப் போவார்கள்.

எங்கள் டிரைவர்களில் மூத்தவர் ஒருவருடைய வீடு ஆபீசுக்குப் பின் தெருவில் இருந்தது. அவர் வண்டியில் போய்விட்டால், அவருடைய மனைவி தினமும் சாயங்காலம் வந்து, "வண்டி எங்க இருக்குது கண்ணு?" என்று கேட்பார். நான் சிவப்புக் குண்டூசியைக் காட்டுவேன். அந்த அக்கா சங்ககிரிக்கும் குண்டூசிக்கும் நடுவே விரலை விரித்து அளந்து பார்ப்பார். "ஒரு சாண்தானே. வந்துருவாரு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு மழைக்காலத்தில் அந்த டிரைவருக்கு நாக்பூரில் டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக அங்கிருந்த ஏஜென்சி தந்தி கொடுத்தது. அதற்குப் பிறகு நான்கு நாள் ஒரு தகவலும் இல்லை. ட்ரங்க் கால் புக் செய்தால் லைன் கிடைக்கவில்லை. அந்த அக்கா காலையிலேயே வந்து ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். டீ வாங்கிக் கொடுத்தாலும் குடிக்க மாட்டார்.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்குத் தந்தி வந்தது. 'டிரைவர் புல்ட் த்ரூ லெட்டர் ஃபாலோஸ்.'

புல் என்றால் இழு. சங்ககிரி பேங்க் கதவில் பித்தளை எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கும்.

"என்ன அம்மிணி?" என்றார் முதலாளி.

"டிரைவர் அண்ணனுக்கு... இழுத்துக்கிட்டு..."

அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. நம் ஊரில் ஒருவருக்கு இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்றால், சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டியதுதான்.

அந்த அக்கா பெஞ்சிலிருந்து மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தார். "இழுத்துக்கிட்டுக் கெடக்குதா?" என்று என்னைத்தான் கேட்டார். பிறகு அழ ஆரம்பித்தார். டீக்கடைக்காரர் ஓடி வந்தார். பக்கத்து டயர் கடையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "காரை எடுக்கச் சொல்லுங்கடா. நாக்பூர் போறோம்" என்றார்.

அந்தக் களேபரத்தில் நான் தந்தியையே பார்த்துக்கொண்டு நின்றேன். டிக்‌ஷனரி வீட்டில் இருந்தது. ஆனால் கடைசி இரண்டு வார்த்தை என்னை உறுத்தியது. லெட்டர் ஃபாலோஸ். கடிதம் பின்னால் வருகிறது. உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கிற மனிதரைப் பற்றி இத்தனை நிதானமாக யாராவது கடிதம் எழுதுவார்களா? உடனே புறப்பட்டு வா என்றல்லவா எழுதுவார்கள்?

"ஐயா, காசு கூடப் போனாலும் ஒடனே லைன் கெடைக்கும், ஒரு லைட்னிங் கால் போட்டுப் பாத்துடலாமுங்க. எனக்குச் சந்தேகமா இருக்குதுங்க."

"உனக்குச் சந்தேகமா?" என்றார். பழைய பம்பாய்க் கதை அவர் முகத்தில் வந்து போனது. "போடு, போடு" என்றார்.

ஒரு மணி நேரத்தில் லைன் கிடைத்தது. எதிர்முனையில் ஒரு பெண் குரல். இத்தனை நாளும் நாக்பூர் கிளார்க்குக்கு 'டியர் சார்' என்றே கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். ஆச்சரியப்பட நேரமில்லை. தெரிந்த இங்கிலீஷையெல்லாம் விட்டுவிட்டு, "டிரைவர் டையிங்?" என்று கத்தினேன்.

"டையிங்? நோ, நோ! ஈட்டிங்!"

"வாட்?"

"ஈட்டிங்! ஈட்டிங்! ஃபைட்டிங் வித் த நர்ஸ்!"

ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு ரசம் வேண்டும் என்று நர்சிடம் சண்டை போடுகிறாராம். ரசம் என்றால் என்ன என்று அந்தப் பெண் என்னையே கேட்டாள். நான் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "அண்ணன் பொழைச்சுக்கிட்டாருங்க! ரசங் கேட்டு நர்சு கூடச் சண்டையாம்" என்றேன்.

அந்த அக்கா அழுகையை நிறுத்தினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சண்டை போடறாரா? அப்படின்னா அவரேதான்" என்றார். பிறகு எல்லோருக்கும் முன்னால் ஒரு கிளாஸ் டீ கேட்டு வாங்கிக் குடித்தார். முதலாளி ஓரமாகத் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

நடந்ததையெல்லாம் தப்பும் தவறுமாக எழுதி அன்றைக்கே நாக்பூருக்குக் கடிதம் போட்டேன். இந்த முறை 'டியர் சிஸ்டர்'. பதிலில் அவள் விளக்கியிருந்தாள். வெள்ளத்தில் அகப்பட்ட ஒருவர் எப்படியோ அந்தப் பக்கம் கரையேறிவிட்டால் அதுதான் புல்ட் த்ரூவாம். வார்த்தையைப் படிக்காதே, வாக்கியத்தைப் படி, அதுவும் உன் கண் முன்னால் நடந்த விஷயமாக இருக்கட்டும் என்றும் எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு லாரிக் காகிதங்கள் வருகிற கவரில் எனக்கு ஒரு துண்டுச் சீட்டும் இருக்கும். அந்த வாரம் அவளுக்கு நடந்தது அதில் இருக்கும். என் அக்கா வீட்டில் புட் அப் ஆகியிருக்கிறேன். அக்கா புருஷனின் குறட்டையை புட் அப் வித் செய்கிறேன். நேற்று சுவரில் ஒரு காலண்டர் புட் அப் செய்தேன். தங்குவது, பொறுத்துக்கொள்வது, மாட்டுவது, மூன்றையும் நான் மறக்கவே இல்லை. குறட்டையை எப்படி மறப்பது?

இன்னொரு முறை, ஆபீசில் டீத்தூள் ரன் அவுட், அதனால் வாங்கிவர நான் மழையில் ரன் அவுட் என்று எழுதியிருந்தாள். முதலாளிக்கு அதைப் படித்துக் காட்டினேன். ரேடியோவில் கிரிக்கெட் கேட்கிறவர் அவர். "அதுல ஸ்டம்ப் உளுந்தாலும் ரன் அவுட்டுங்கறானே. ஒரே வார்த்தைய வெச்சுக்கிட்டு எத்தனை பொழப்புப் பொழைக்கறானுங்க" என்றார்.

உங்கள் பாஷையில் இப்படியெல்லாம் கிடையாதா என்று அவள் கேட்டபோது, சட்டென்று இல்லை என்றுதான் எழுத வந்தேன். அந்த நேரம் வாசலில் ஒரு டிரைவர் வண்டியை ஒப்படைத்துவிட்டு, "பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பேனா நின்றுவிட்டது. பார்ப்பது, கொள்வது, இரண்டும் சேர்ந்தால் பராமரிப்பது. விடுவது, கொடுப்பது, இரண்டும் சேர்ந்தால் விட்டுக்கொடுப்பது. பிறந்ததிலிருந்து பேசுகிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை. அன்றைக்கு இரண்டு பக்கம் எழுதினேன்.

அதன் விளைவு சில மாதத்தில் வந்தது. எங்கள் டிரைவர்கள் போனில் 'போய்ச் சேந்துட்டோம்' என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குத் தமிழ் ஆசை வந்துவிட்டது. ஒரு நாள் தந்திக்காரர் தொங்கிய முகத்தோடு சைக்கிளை நிறுத்தினார். "நல்ல மனுசனுங்க, பாவம்" என்று தந்தியை நீட்டினார். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: 'டிரைவர் போய் சேர்ந்தார்.'

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தந்திக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். டைபாய்டிலிருந்து எழுந்த அதே டிரைவர் அன்றைக்கு ஜம்மென்று நாக்பூர் போய்ச் சேர்ந்திருந்தார். நல்லவேளை, அந்த அக்கா சாயங்காலம்தான் வருவார். விஷயத்தை விளக்கி எழுதினேன். 'ஐ மிக்ஸ்ட் அப்' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

"அந்தப் புள்ளைய நான் ஒருக்கா பாக்கோணும்" என்று அந்த அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு தைப் பொங்கல் கழிந்து, அவருடைய புருஷனே நாக்பூருக்கு ஜவ்வரிசி லோடு ஏற்றியபோது புறப்பட்டுவிட்டார். பேச்சுத் துணைக்கு நானும் வர வேண்டுமாம். என் அப்பா மூன்று நாள் யோசித்தார். முதலாளியே எடப்பாடிக்கு வந்து, "எங்கூட்டுப் புள்ளைய அனுப்பறாப்பல அனுப்பறேனுங்க" என்று சொன்ன பிறகு சம்மதித்தார். லாரி கேபினில் அக்காவும் நானும் நெருக்கி உட்கார்ந்துகொண்டோம். இரண்டாம் நாளும் ரோடு முடியவில்லை. "மேப்புல ஒரு சாண்தானே கண்ணு இருந்துச்சு?" என்று கேட்டார். டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நாக்பூர் ஏஜென்சி வாசலில் அவள் நின்றாள். என் வயதுதான் இருக்கும். ஒல்லியாக, உயரமாக, கண்ணாடி போட்டிருந்தாள். வழியெல்லாம் முப்பது வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றுகூட வரவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றோம். அதற்குள் அக்கா நேராகப் போய் அவளுடைய கன்னத்தை வழித்து நெட்டி முறித்து, "நல்லா இருக்கோணும் சாமி" என்றார். அவள் மராத்தியில் ஏதோ சொன்னாள். இவர் தமிழில் பதில் சொன்னார். ஆஸ்பத்திரி, காய்ச்சல், நர்ஸ் என்று இருவரும் கையை ஆட்டி ஆட்டிப் பேசித் தீர்த்தார்கள். பேச்சுத் துணைக்குப் போன நான் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

அவளுடைய அக்கா வீட்டில் டிபன் கொடுத்தார்கள். முத்து முத்தாக, வேர்க்கடலையும் பச்சை மிளகாயும் போட்டு ஏதோ ஒன்று. டிரைவரின் மனைவி ஒரு வாய் போட்டுவிட்டுத் தட்டை உற்றுப் பார்த்தார்.

"இது நம்ம ஜவ்வரிசியல்லோ கண்ணு?"

"ஆமாங்க்கா."

"பாயாசத்துக்குப் போடறதுல உப்பப் போட்டு வெச்சிருக்காங்களே!" என்று ஆச்சரியப்பட்டு, இரண்டாம் தட்டும் வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பி வந்து பத்து நாளில் அவளுடைய சீட்டு வந்தது. 'வீ ஹிட் இட் ஆஃப்' என்று மட்டும் எழுதியிருந்தாள். நான் டிக்‌ஷனரியை எடுக்கவில்லை.

"என்ன அம்மிணி எழுதியிருக்குது?" என்றார் முதலாளி.

"எங்களுக்குள்ள நல்லா ஒத்துப்போச்சுன்னு எழுதியிருக்காங்க."

"ஹிட்டுன்னா அடியாச்சே?"

"அடிதானுங்க. ஆனா இங்க அது அடி இல்லீங்க."

எண்பதுகளின் நடுவில் கல்யாணமாகி நாமக்கல் வந்து, அங்கே வேறொரு ஆபீசில் சேர்ந்தேன். அவள் அந்த ஏஜென்சியையே டேக் ஓவர் செய்துவிட்டாள். குழந்தைகள், வேலை என்று கடிதங்கள் குறைந்தாலும் தீபாவளிக்குத் தீபாவளி ஒன்று வரும். என் பெண்ணுக்கு ஐந்தாவதில் இங்கிலீஷ் பாடம் கடினமாக இருந்தபோது, கிராமர் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, நாக்பூரில் ஒரு வீட்டில் ஒருவர் விட்ட குறட்டையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.