சித்திரைக்குச் சித்திரை ஒரு பட்டணம்

சித்திரை பிறந்தால் எங்கள் பெரியப்பாவும் பெரியம்மாவும் ஏதாவது ஒரு பட்டணத்தைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். இப்போது எழுதும்போது இது சாதாரணமாகத்தான் தெரிகிறது. நான் சிறுமியாக இருந்த காலத்தில், பாலக்காட்டை அடுத்த எங்கள் எலப்புள்ளிப் பக்கத்து ஜனங்களுக்கு அது தீராத புதிராக இருந்தது. பழனிக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள் உண்டு. வழக்கு விஷயமாகக் கோழிக்கோட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர்கள், பெண்ணைக் கொடுத்த ஊருக்கு ஒறம்பரையாக விருந்துண்ணப் போகிறவர்கள் எல்லாரும் உண்டு. ஒரு காரியமும் இல்லாமல், புருஷனும் பெண்டாட்டியுமாக ரயிலேறி ஓர் ஊரைச் சும்மா பார்த்துவிட்டு வருகிறவர்கள் இவர்கள் மட்டுந்தான்.

வரி வசூலுக்கு வரும் அதிகாரி ஒருமுறை பெரியப்பாவை நிறுத்தி வைத்தே கேட்டுவிட்டார். "அம்பலத்துக்குச் சாமி கும்பிடவும் இல்லை, கச்சேரிக்கு வழக்காடவும் இல்லை. பின்னே எதுக்காக்கும் போறது?"

"பாக்கறதுக்குத்தானுங்க" என்றார் பெரியப்பா.

"எதைப் பாக்கறதுக்கு?"

"அது போனாத்தானுங்களே தெரியும்."

அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

மைசூர் பார்த்தாயிற்று, திருச்சினாப்பள்ளி பார்த்தாயிற்று, கொச்சியும் பார்த்தாயிற்று. திரும்பி வந்ததும் ஊர்க்காரர்கள், "ரங்கநாதரைச் சேவிச்சீங்களா?" என்று ஆவலாகக் கேட்பார்கள். பெரியப்பா, "அதுக்குப் பொழுது பத்தலீங்க. காவேரிப் பாலத்துல ரயிலு போறதைப் பாத்துட்டு அங்கியே நின்னுட்டோம்" என்பார். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

இதில் எனக்கிருந்த ஆச்சரியம் வேறு. எங்கள் வீட்டில் பெரியப்பாவும் பெரியம்மாவும் பேசிக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. சண்டை ஒன்றும் கிடையாது. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அப்படித்தான் இருக்க வேண்டும். பெரியப்பா வீட்டின் முன்கட்டான ஆசாரத்தில் உட்கார்ந்துகொண்டு, "அம்மிணி, வெந்நி காஞ்சிருச்சான்னு உங்க பெரியம்மாவைக் கேளு" என்பார். பெரியம்மா கதவுக்குப் பின்னால்தான் நிற்பார். "காஞ்சு நேரமாச்சுன்னு சொல்லு கண்ணு" என்பார். நான் நகரக்கூட வேண்டியதில்லை. இருவருக்கும் நடுவில் நின்றாலே போதும். வாய் திறந்து பேசாத இந்த இரண்டு பேரும் தனியாக ஒரு பட்டணத்தில் போய் என்னதான் செய்வார்கள் என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு.

அதே கேள்வி எங்கள் அத்தைக்கும் இருந்தது. அத்தை பெரியப்பாவுக்கு மூத்தவள். சின்ன வயதிலேயே தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டவள். வெள்ளைச் சீலையும் இடுப்பில் சாவிக்கொத்துமாக வீட்டை ஆண்டாள். எங்கள் அப்பா உட்பட எல்லாரும் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். அந்த வருஷம் அவளுக்குத் தலைக்கு மேல் ஒரு விசாரம் வந்து சேர்ந்திருந்தது. பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. பெரியப்பாவுக்கு இரண்டாந்தாரமாகக் பெண் கொடுக்கச் சம்மதித்துப் பெருமாட்டி என்ற ஊரிலிருந்து ஒரு குடும்பம் ஆள் விட்டிருந்தது. அப்பாவுக்கு அதில் இஷ்டம். பெரியப்பா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அக்காள் எதிரில் அப்படியெல்லாம் பேசுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அத்தைதான் முடிவு சொல்ல வேண்டும். பெரியவர்கள் என் எதிரில் இதைப் 'பெருமாட்டி சமாச்சாரம்' என்றே சொல்லிவந்ததால், ஏதோ தென்னந்தோப்பு விலைக்கு வந்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சித்திரையில் சென்னைப் பட்டணம் போவதாக ஏற்பாடு. கிளம்புவதற்கு முந்தின தினம் அத்தை பெரியப்பாவிடம், "இந்த வாட்டி இவளையுங் கூட்டிட்டுப் போ. புள்ளையும் நாலு எடம் பாக்கட்டும்" என்றாள். பிறகு என்னை நெல் வைக்கும் அறைக்குள் கூப்பிட்டுக்கொண்டு போனாள்.

"கண்ணைத் தொறந்து வெச்சுட்டு இரு. எங்க போறாங்க, யாரைப் பாக்கறாங்க, என்ன பேசறாங்க, அத்தனையும் வந்து எங்கிட்டச் சொல்லோணும். வைத்தியருகிட்டப் போறாங்களா, தனிக்குடித்தனம் போக ஊடு பாக்கறாங்களா, எனக்குத் தெரிஞ்சாகோணும்."

எனக்கு ரயிலேறினால் போதும் என்றிருந்தது. சரி என்று தலையாட்டினேன்.

கஞ்சிக்கோட்டில் ரயிலேறிப் போத்தனூரில் மாறினோம். வாளையாறு தாண்டும்வரை பெரியம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓர் ஓரமாகவே இருந்தார். மதுக்கரை வந்ததும் முக்காடு தோளுக்கு இறங்கியது. போத்தனூரில் சென்னை வண்டி ஏறி உட்கார்ந்ததும், என் தலைக்கு மேலாக, "ஏனுங்க, இந்த எஞ்சினுக்கு வழியெல்லாம் தண்ணி யாருங்க எறைச்சு ஊத்தறது?" என்று கேட்டார். நேராகப் பெரியப்பாவையே பார்த்துக் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியப்பாவும் நேராகவே பதில் சொன்னார். அப்புறம் இருவரும் நிறுத்தவே இல்லை. வழியில் வந்த பாலம், செம்மண், பனங்காடு, ஸ்டேஷனில் விற்ற பலகாரம், எதிரே உட்கார்ந்திருந்தவரின் காது கடுக்கன் என்று ஒன்றையும் விடவில்லை. எனக்கு நடுவில் ஒரு வேலையும் இல்லாமல் போய்விட்டது. ஜோலார்ப்பேட்டையில் எழுப்பிவிட்டு எனக்குச் சோறு கொடுத்தார்கள். அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சென்னையில் ஸ்டேஷன் அருகில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். பட்டணம் பார்ப்பதில் இருவருக்கும் ருசி வேறு. பெரியப்பாவுக்கு ஓடுகிறது, சுழல்கிறது, எரிகிறது எல்லாம் பார்க்க வேண்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் இரும்புக் கையை அண்ணாந்து பார்த்து நின்றவர் கழுத்து வலியோடு வந்தார். பெரியம்மாவுக்கு வீடுகளைப் பார்க்க வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டு கிடக்கும் வீடுகளில் ஜனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதுதான் அவருக்கு விசாரம். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் போய், "ஏனுங்க, உங்கூட்டுல நெல்லெல்லாம் எங்கீங்க கொட்டி வெப்பீங்க?" என்று கேட்டார். அந்த அம்மாள் முதலில் திகைத்தாள், பிறகு சிரித்தாள், பிறகு உள்ளே கூட்டிப்போய் அரிசி டின்னைக் காட்டினாள். "அவ்வளவுதானுங்களா! அப்பறம் அது தீந்துட்டா?" "கடையிலே வாங்குவோம்." பெரியம்மா வெளியே வந்து நெடுநேரம் வியந்துகொண்டிருந்தார். அடுத்த தெருவிலும் அதே கேள்விதான். தனிக்குடித்தனத்துக்குத்தான் வீடு பார்க்கிறார்கள் என்று நான் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

ஒருநாள் கடல் பார்ப்பதற்காக டிராம் வண்டியில் ஏறினோம். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, புகையும் இல்லை. தலைக்கு மேலே ஒரு கம்பி, அதைத் தொட்டுக்கொண்டு ஒரு நீளக் கழி, அவ்வளவுதான். பெரியம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். திருவல்லிக்கேணியில் இறங்க வேண்டும். குடையும் கையுமாகப் பெரியப்பா முதலில் இறங்கினார். நாங்கள் எழுவதற்குள் மணி அடித்தது, வண்டி நகர்ந்துவிட்டது.

பெரியப்பா கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். எனக்கு அழுகை வந்தது. பெரியம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை. பெரியப்பாவின் குரல் சிறுத்துச் சிறுத்துக் கேட்காமலே போய்விட்டது.

"எங்கம்மா எறங்கணும்?" என்று டிக்கெட்டுக்காரர் வந்து கேட்டார்.

"இது கடைசியா எங்கீங்க போகும்?"

"மயிலாப்பூரு."

"மறுக்கா இந்த வழியாவே திரும்பி வருமுங்களா?"

"வரும்."

"அப்பச் சரிங்க" என்றார் பெரியம்மா.

எலப்புள்ளியில் பக்கத்துத் தோட்டத்துக்குப் போவதென்றால்கூட அத்தையிடம் கேட்டுவிட்டுத் துணையோடு போகிறவர் அவர். இங்கே முன்பின் தெரியாத பட்டணத்தில் புருஷனைத் தொலைத்துவிட்டு, எதிரே வந்த கடைகளையும் மாடிகளையும் குளத்தையும் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது, வேடிக்கையாகவும் இருந்தது. முடிவில் இறங்கி நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அதே வண்டியில் திரும்பினோம்.

பெரியப்பா இறங்கிய இடத்தை விட்டு அதிகம் நகரவில்லை. குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் கிட்டே வரவில்லை. அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியம்மா அவர் எதிரில் போய்க் குந்தினார். "ஏனுங்க, எதுக்குங்க அழுவறீங்க? நாந்தான் வந்துட்டனில்லீங்க."

"கத்துனேன். நீ திரும்பிக்கூடப் பாக்கலை."

"கேட்டுச்சுங்க."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. எறங்கோணும்னுதான் நெனைச்சேன். அது கடைசி வரைக்கும் போயி என்னதான் பண்ணுதுன்னு பாத்துப்போடலாம்னு தோணிருச்சுங்க."

பெரியப்பா துண்டை எடுத்துவிட்டு அவரையே பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்து நான் ஓரடி தள்ளி நின்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, போயி என்ன பண்ணுச்சு?"

"வண்டியத் திருப்பவே இல்லீங்க! ஓட்டறவரு எந்திரிச்சு அந்தத் தலைப்புக்குப் போயி நின்னுக்கிட்டாரு. மேல இருக்கற கழிய மட்டுங் கயித்தப் புடிச்சுத் திருப்பிப் போட்டாங்க. பின்னாடி இருந்தது முன்னாடி ஆயிருச்சுங்க."

"அடே!" என்றார் பெரியப்பா. பிறகு இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டேதான் கடற்கரைக்கு நடந்தோம். அங்கே பெரியப்பா பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அலையில் இறங்கினார். என்னைக் கரையில் செருப்புக்குக் காவல் வைத்துவிட்டார்கள் என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஊருக்கு வந்த அன்றே அத்தை என்னை அறைக்குள் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"வைத்தியரைப் பாத்தாங்களா?"

"இல்லீங்க அத்தை."

"ஊடு?"

"பாத்தாங்க. நெல்லு எங்க வெக்கறாங்கன்னு கேட்டாங்க. அப்பறம் வந்துட்டாங்க."

அத்தைக்கு அது பிடிபடவில்லை. முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். ரயிலில் அவர்கள் பேசிக்கொண்டே வந்ததைச் சொன்னேன். டிராம் வண்டியைச் சொன்னேன். பெரியப்பா ஓடி வந்ததைச் சொன்னேன்.

"அப்பறம் பெரியப்பா அழுதாங்க."

"அழுதானா? ரோட்டுலயா?"

"ஆமாங்க. எல்லாரும் பாத்தாங்க. பெரியம்மா வந்ததுக்கப்பறந்தான் அழுதாங்க."

அத்தை இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து ஒவ்வொரு சாவியாகத் தள்ளினாள். கோபம் என்று நினைத்தேன். "அப்பறம்?" என்றாள். சிரித்ததைச் சொன்னேன். கடலில் இறங்கியதைச் சொன்னேன். "கையப் புடிச்சுக்கிட்டா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அத்தை எழுந்து போய், காய்ந்துகொண்டிருந்த மிளகாயைத் திருப்பிப் போட்டாள். அதை அப்போதுதான் ஒருமுறை திருப்பிப் போட்டிருந்தார்கள்.

பெருமாட்டிக்காரர்கள் மறு வாரம் வெற்றிலை பாக்கோடு வந்தார்கள். அப்பா பாய் விரித்து உட்கார வைத்தார். அத்தை நிலைப்படியில் நின்று, "எந் தம்பிக்கு ஊட்டுல ஒருத்தி இருக்கறா. அவ போதுமுங்க. நீங்க சாப்புட்டுட்டுப் போகோணும்" என்றாள். கதவுக்குப் பின்னால் பெரியம்மா இருந்தார். மோர்ச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கொண்டு போகவும் மறந்து நின்றார். நான்தான் வாங்கிக்கொண்டு போனேன்.

அடுத்த சித்திரையில் பெங்களூர். என்னையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று அத்தையே சொன்னாள். திரும்பி வந்தபோது, அன்றைக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் வேலை வரை முன்கூட்டியே முடித்துவிட்டு வாசலில் காத்திருந்தாள். எனக்குக் கால் கழுவக்கூட விடவில்லை. அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"சொல்லு. ரயிலேறுனதுல இருந்து சொல்லு. ஒண்ணையும் உட்டுப்போடாத."

சொன்னேன். பெங்களூரில் சித்திரையிலும் குளிருமா, எப்படிக் குளிரும் என்று கேட்டாள். ரோட்டோரத்து மரங்களில் என்ன நிறத்தில் பூ என்று கேட்டாள். ரயில் ஜன்னலில் கையை வெளியே நீட்டினால் காற்று எப்படி அடிக்கும் என்று கேட்டாள். சொன்னதையே திரும்பச் சொல்லச் சொன்னாள். பாலக்காட்டுக்கு அந்தப் புறம் ஓர் ஊரையும் கண்டிராத அத்தை, விளக்கு வைக்கும் நேரம் தாண்டியும் என்னை விடவில்லை. இத்தனை விசாரித்தும் அவர்கள் மேல் இவளுக்குச் சந்தேகம் தீரவில்லையே என்று எனக்கு அத்தை மேல் கோபம் கோபமாக வந்தது.