டிராக்டர் விசாரிக்க வரும் ஹுமேரா

டிராக்டரின் பின் டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று குனிந்து விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் ஹுமேரா பேச்சையே தொடங்குவாள். "இத இன்னும் ரெண்டு வருசம் ஓட்டுவீங்களாண்ணா?"

முதல் தடவை அவள் தருமபுரிப் பக்கத்து இண்டூருக்கு வந்தபோது, வண்டி விற்க வந்த பெண் என்று பயந்து விவசாயி பச்சியப்பன் மாட்டுக் கொட்டகைக்குள் பதுங்கிக்கொண்டார். இப்போது அவரே பஸ் நிறுத்தத்துக்கு வந்து கூட்டிப்போகிறார்.

டிராக்டர் கம்பெனிகளை எடைபோடுவது அவள் வேலை. எந்தப் பங்கை வாங்கலாம், எதை விற்றுத் தொலைக்கலாம் என்று பெங்களூரில் உள்ள ஒரு வெளிநாட்டு முதலீட்டு வங்கிக்கு எழுதித் தருகிறாள். வாரத்தில் மூன்று நாள் அங்கே, மீதி நாள் தருமபுரி வீட்டிலிருந்து. அம்மா ஜான் பீ அண்டை அயலாரிடம், "எம் பொண்ணுக்கு பேங்க் வேலைங்க. அறுவது வயசு வரைக்கும் யாரும் அசைக்க முடியாது" என்பார். நகைக்கடன் கிடைக்குமா என்று இரண்டு பேர் வந்து கேட்டும் போனார்கள். ஹுமேரா யாரையும் திருத்துவதில்லை. வீட்டில் சம்பளம் என்று வருவது அவளுடையது மட்டும். அம்மாவின் தூக்கத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

அவள் பிரிவில் இருந்த எட்டுப் பேர் இப்போது மூன்று பேர். இரண்டே நிமிடத்தில் அறிக்கை எழுதும் ஏ.ஐ. வந்துவிட்டது. அதன் தப்புகளைத் திருத்திக் கொடுப்பதும் இவள்தான். தன் நாற்காலியைப் பிடிக்கப்போகும் அதற்குத் தானே பாடம் சொல்லிக் கொடுக்கிறாள், பாவம். ஆனால் அது இண்டூருக்கு பஸ் ஏறி வராது.

"எங்க தெருவுல மூணு வூடும் சேந்து ஒரே வண்டியா வாங்கிக்கலாம்னு பேசிட்டோம்மா. ஆளுக்கொண்ணு எதுக்கு சும்மா நிக்கணும்?" என்றார் பச்சியப்பன் இன்று. பக்கத்து ஊர்களிலும் இதே பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். அப்படியென்றால் டிராக்டர் விற்பனை குறையப்போகிறது. எந்தக் கம்பெனியின் கணக்கிலும் இது இன்னும் ஏறியிருக்காது. அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் செய்தி: பதினோரு மணிக்கு ஆன்லைனில் கூட்டம், பதினைந்து நிமிடம். எதற்கு என்று எழுதவில்லை. வேலை போன ஐந்து பேருக்கும் இப்படித்தான் வந்தது. கூட்டம் முடியும் முன்பே அவர்களுடைய கணினி பூட்டிக்கொண்டது.

"மூஞ்சி ஏம்மா வெளுத்துப் போச்சு? வூட்டுல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?"

"நல்லா இருக்காங்கண்ணா. இங்க கொஞ்ச நேரம் உக்காந்துக்கட்டுங்களா?"

மணி பத்தரை. அவர் விரித்துப் போட்ட சாக்கில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். மூன்று வீட்டுக்கு ஒரு வண்டி வரப்போகும் கதையைக் கடகடவென்று எழுதினாள். அவசரத்தில் இரண்டு இடத்தில் பிழை, அழித்து எழுதினாள். அடியில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினாள். பதினொன்றுக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கூட்டத்துக்குள் நுழையும் பொத்தானை அழுத்தினாள்.