அப்பாவின் எண்

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் டேட்டாபேஸ் பாடம் எடுக்கிறேன். ஒரு டேபிளில் குடும்பங்கள், இன்னொன்றில் ஆட்கள். ஒவ்வொரு ஆளுக்கும் எதிரே அவருடைய குடும்பத்தின் எண் இருக்கும். அதற்கு ஃபாரின் கீ என்று பெயர். இரண்டு டேபிளையும் கட்டிவைக்கும் கயிறு அதுதான். இல்லாத குடும்பத்தின் எண்ணை யாருக்கும் போட முடியாது. வருஷா வருஷம் இதைப் போர்டில் கோடு போட்டு விளக்குகிறேன். பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். இது என் வீட்டில் என்ன செய்தது என்று சொன்னால் விழித்துக்கொள்வார்கள். சொன்னதில்லை.

கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் ஊர். அப்பா இறந்தபோது, மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் அவர் பக்கத்தில் அம்மாவுக்கும் இடம் விட்டுத்தான் குழி வெட்டினார்கள். எங்கள் ஊர் வழக்கம் அது. அதன்பிறகு அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அவரு பக்கத்துல என்னிய வெச்சிடு. ரெண்டு பேருக்கும் சேத்து மெழுகுவத்தி ஏத்திட்டுப் போ."

ஒவ்வொரு கோயிலும் அதன் ஜனமும் ஒரு பங்கு. அந்தச் சமயத்தில்தான் சுற்றுவட்டாரப் பங்குகள் எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டர் பதிவில் ஏற்றினார்கள். குடும்பத்துக்கென்று தனி எண் கிடையாது. குடும்பத் தலைவரின் எண்தான் குடும்பத்தின் எண். தலைவர் என்றால் ஆம்பளை. அப்பா போனதும் அவர் எண்ணும் போயிற்று. அதில் தொங்கிக்கொண்டிருந்த அம்மாவையும், புருஷனை விட்டு வந்த என்னையும், திருக்கோவிலூரில் இருக்கும் அண்ணன் எண்ணில் கொண்டுபோய் மாட்டிவிட்டார்கள். அவனுடைய பங்கு எங்களுக்கும் பங்காகிவிட்டது. அம்மா ஞாயிறு தவறாமல் போய் உட்கார்ந்த கோயிலில் அவள் பெயரே இல்லை.

கோயில் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன்.

"இன்னா டீச்சர் பண்றது? ஆம்பள பேரு குடுத்தாதான் சிஸ்டம் எடுக்குது" என்றார் பதிவு பார்ப்பவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சிஸ்டத்துக்கு ஆம்பள ஏது, பொம்பள ஏது? நீங்க சொன்னதத்தான் அது கேக்குது. எங்கம்மாவ தலைவின்னு போடுங்க. எப்பிடின்னு நானே காட்டறேன்."

"சாமியாருகிட்ட சொல்றங்க" என்றார். இன்றைக்கு வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அம்மா படுக்கையில் கிடந்தபோது அண்ணன் எட்டிப் பார்க்கவில்லை. செத்த அன்று மட்டும் ஊரே பார்க்கிற மாதிரி வண்டியோடு வந்து இறங்கினான்.

"பேரு என் குடும்பத்துலதான இருக்குது? எங்கூர்லயே அடக்கம் பண்ணிக்கலாம். ஜனமும் ஜாஸ்தி வரும்."

அம்மாவின் ஆசையைச் சொல்லிக் கத்தினேன். சாமியாரிடம் ஓடினேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "அம்மா நம்ம பங்குல இல்லியேம்மா. குடும்பத் தலைவர் சொல்றதுதான்" என்றார். அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் வீட்டுக்கே வந்து அம்மாவின் நாக்கில் நன்மை அப்பம் வைத்தவர் அவர். அப்போது எந்தப் பங்கு என்று கேட்கவில்லை. அம்மாவை அண்ணன் ஏற்றிக்கொண்டு போனான்.

கல்லறைத் திருநாளன்று காலையில் அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அம்மாவுக்கு ஏற்றத் திருக்கோவிலூர் பஸ் பிடிக்கிறேன். அப்பா பக்கத்தில் விட்ட இடம் புல் மண்டிக் கிடக்கிறது. போன வருஷம் அதைப் பார்க்கச் சகிக்காமல் நேரே அலுவலகத்துக்குப் போனேன்.

"அந்த எடத்த எனக்காவது எழுதி வைங்க."

பதிவு பார்ப்பவர் என் பெயரைத் தட்டிப் பார்த்தார். நல்ல மனுஷன்தான், முகம் வாடிவிட்டது.

"உங்க அண்ணன ஒரு வார்த்த கேட்டுக்கினு வாங்க டீச்சர்."