கனகு வீடு திரும்பிய கதைகள்

என் தாய்மாமா கதை எழுதினவர். மீசை அரும்புகிற வயதுப் பையன்கள் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற கதைகள். இப்போது அவற்றையெல்லாம் சேர்த்து மறுபடியும் அச்சடிக்கப் போகிறார்களாம். போன மாதம் இரண்டு பேர் கடலூரில் என் வீட்டைத் தேடி வந்து, கனகு என்று அவர் எழுதியது யாரை என்று கேட்டார்கள். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் அந்த வீட்டில் இருந்தவர்களில் மிச்சம் நான் ஒருத்தி. நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது.

அப்பா செத்துப்போன பிறகு கீரப்பாளையத்தில் எங்களுக்குப் பிழைப்பு இல்லை. அம்மா நடவுக்குப் போனாள். என்னைக் கடலூரில் தன் அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். மாமாவுக்குக் கோர்ட்டில் நகல் எடுக்கிற வேலை. சாயந்திரம் வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு எழுத உட்காருவார். சென்னையிலிருந்து வருகிற வாரப் பத்திரிகை ஒன்றில் கனகுவின் கதை வாராவாரம் வரும். கனகு எதைத் தொட்டாலும் விளங்காது. அதுதான் கதை.

மாமாவுக்கு ஒரே மகன். எனக்கு மச்சான். பதினைந்து வயதுக்கு மீறிய உயரம், எங்கே வைப்பதென்று தெரியாத கைகால். ஒருமுறை மாதா கோவில் கல்யாணத்துக்குப் போனவன், வெளியே கிடந்த செருப்புக் குவியலில் தடவி, இரண்டு இடதுகால் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். திரும்பிப் போய்க் கேட்க வெட்கம். நொண்டிக்கொண்டே மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு வரை வந்தான். வாசலில் அவனைப் பார்த்ததும் மாமா உள்ளே போனார். பேனாவைத் தேடினார்.

பத்திரிகை வந்த மறுநாள் மச்சானின் வகுப்பு வாசலில் இடதுகால் செருப்பாகக் குவித்து வைத்திருந்தார்களாம். அதற்குப் பிறகு மளிகைக் கடைக்காரர்கூட, "வாடா கனகு, ரெண்டு காலும் சரியா இருக்கா?" என்றுதான் கேட்பார். எனக்கு அது பெருமையாக இருந்தது. பத்திரிகையில் வருகிறவன் வீட்டில் நானும் சோறு தின்கிறேன் என்று.

மச்சான் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டில் பேசுவதை விட்டான். பசித்தால் தட்டை எடுத்து வைப்பான், அவ்வளவுதான்.

அத்தைதான் கேட்டாள்: "புள்ள வாயத் தொறந்து மாசமாவுது. வேற யாரையாவது எழுதுங்களேன்."

"எழுதிப் பாத்துட்டேன். வேற யார எழுதினாலும் சிரிப்பு வரமாட்டேங்குது."

"எனக்கு இத எழுதினாலும் வரல" என்றாள் அத்தை.

அந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்திலிருந்து ஆள் வந்தார்கள். அங்கே வாசகர்கள் கூடி மாமாவுக்கு மாலை போடப் போகிறார்களாம். கனகுவையும் கூட்டிவர வேண்டும் என்று கேட்டார்கள். மச்சான் அன்றைக்கு வாயைத் திறந்தான்.

"வரேன். ஆனா அதோட என்னை எழுதறத நிறுத்திடணும்."

மாமா பேனாவை மூடி வைத்தார். "சரிடா. மேடைய விட்டு நீ எறங்கினா கனகு முடிஞ்சான்" என்றார்.

"அம்மா மேல ஆணையா?"

"உங்கம்மா மேல ஆணையா."

அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு தெளிச்சியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சிதம்பரத்துக்குக் கீரப்பாளையத்திலிருந்து அம்மா வந்து பார்ப்பாள் என்று என்னையும் கூட்டிப்போனார்கள்; அத்தை வீட்டில் இருந்துவிட்டாள்.

காலையில் கோவிலுக்குப் போய்விட்டு, கீழவீதிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பையன்கள் ஜன்னலில் எல்லாம் தொத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னை மடியில் இருத்திக்கொண்டாள். மாமாவுக்கு மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள். பிறகு மச்சானைக் கூப்பிட்டார்கள். மைக் அவன் நெஞ்சுக்குத்தான் இருந்தது. குனிந்தான். அதற்கே சிரிப்பு.

"நான் கனகு இல்ல" என்றான்.

கூட்டம் சிரித்தது. அவன் அது அடங்கும்வரை நின்றான்.

"எனக்கு வேற பேரு இருக்கு."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

"வீட்ல நான் பேசறது இல்ல. பேசினா அப்பா எழுதிடுவாரு. பள்ளிக்கூடத்துல என் பக்கத்துல யாரும் சும்மா உக்கார மாட்டாங்க. நான் எதாவது செய்வேன்னு பாத்துக்கினே உக்காருவாங்க."

கைதட்டினார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரித்துச் சிரித்து. மச்சான், "சிரிக்காதீங்க" என்றான். அவ்வளவுதான், ஜன்னலில் இருந்த பையன்கள் கீழே விழாத குறை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வயிறு குலுங்குவது என் முதுகில் தெரிந்தது. நானும் சிரித்தேன். ஊரே சிரிக்கும்போது குழந்தை என்ன செய்யும். மாமா மட்டும் தலையைக் குனிந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தோளும் குலுங்கத் தொடங்கியது. மச்சான் திரும்பி அவரைப் பார்த்தான். பிறகு இறங்கி வந்துவிட்டான்.

மதியச் சாப்பாடு முடித்து, அம்மா ஊருக்குப் போனதும் கடலூர் பஸ் ஏறினோம். மாமா முன் சீட்டில் ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். நானும் மச்சானும் பின்னால். வண்டி ஊரைத் தாண்டியதும் மாமாவின் உதடு அசைய ஆரம்பித்தது. சத்தமில்லை, உதடு மட்டும். காலையில் கோவிலுக்குப் போனோமே, சாமியை நினைத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். எழுதுவதற்கு முன்னால் கதையை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்ப்பது அவர் வழக்கம் என்று அத்தை பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். மச்சானுக்கு அது பிறந்ததிலிருந்து தெரியும். அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஆலப்பாக்கத்தில் வண்டி நின்றது. "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கினான். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

"மாமா, மச்சான் ஏறல."

"ம்" என்றார். உதடு அசைந்துகொண்டுதான் இருந்தது. தோளைப் பிடித்து உலுக்கி மறுபடியும் சொன்ன பிறகுதான் எழுந்து வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கித் திரும்ப நடந்தோம். வெயிலில் மாமா ஓடினார், நான் பின்னால் ஓடினேன். டீக்கடையில் கேட்டால், அப்படி யாரும் தண்ணீர் கேட்கவில்லை என்றார்கள். போலீசில் சொன்னார்கள். பாண்டிச்சேரி, விருத்தாசலம், சென்னை எல்லாம் தேடினார்கள். மச்சான் கிடைக்கவில்லை. இன்றுவரை இல்லை.

பத்திரிகையில் கொஞ்ச வாரம் கனகு வரவில்லை. பிறகு வந்தான். ஊர் காறித் துப்பியது. என் அம்மாகூட, "எங்கண்ணனுக்கு மனசு இல்ல, பெத்தபுள்ளயக் காணோம், சிரிப்புக் கத எழுதறாரு" என்றாள். சிரிப்பு என்றால் அப்படிச் சிரிப்பு. கனகு தெரியாமல் துறைமுகத்தில் கப்பல் ஏறிவிடுவான், சர்க்கஸ் கூடாரத்தில் தூங்கிப்போவான், மிலிட்டரிக்கு ஆள் எடுக்கிற வரிசையில் சினிமா டிக்கெட் என்று நிற்பான். எங்கே போனாலும் முடிவு மட்டும் ஒன்று. கனகு வீட்டுக்கு வருவான். யாரும் எங்கே போனாய் என்று கேட்கமாட்டார்கள், யாரும் கேலி பேசமாட்டார்கள். அம்மாக்காரி கையைக் கழுவச் சொல்லிச் சோறு போடுவாள். அந்தப் பத்திரிகை அந்தக் காலத்தில் எந்த ரயிலடிக் கடையிலும் தொங்கும். பையன் எங்கே இருந்தாலும் கண்ணில் படும் என்பது மாமாவின் கணக்கு. எதனால் போனானோ அதை வைத்தே கூப்பிட்டால் எப்படி வருவான். ஆனால் அவருக்கு வேறு விதமாகக் கூப்பிடத் தெரியாது.

எழுதி முடித்ததும் அத்தைக்குப் படித்துக் காட்டுவார். நானும் பக்கத்தில் உட்காருவேன். நடுவில் நான் உருண்டு சிரிப்பேன். அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருப்பாள். கடைசியில்தான் தலையைத் தூக்குவாள்.

"இந்த வாரமும் சாப்புட்டானா?"

"சாப்புட்டான்."

"என்னா கொழம்பு?"

"கத்திரிக்கா."

"அது அவனுக்கு ஆவாது, அரிக்கும். மீன் கொழம்புன்னு போடுங்க."

மாமா கத்திரிக்காயை அடித்துவிட்டு மீன் என்று எழுதுவார். எனக்கு அந்த இடம் வந்தாலே சப்பென்றிருக்கும். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எழுந்து விளையாடப் போய்விடுவேன்.