பன்னிரண்டு கிலோ கிஸ்மிஸ்

2025 அக்டோபர் நான்காம் தேதி, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். வானம் மூடியிருந்தது, தூறல் விழுந்தும் விழாமலும் இருந்தது. மலேசியாவின் குளுவாங் டவுனில், நான் வழக்கமாக மளிகை வாங்கும், எல்லாரும் நானா என்று கூப்பிடும் தமிழ் முஸ்லிம் ஒருவரின் கடை முன்னால் நின்று, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, கிஸ்மிஸ் பெட்டியில் செருகியிருந்த அட்டையை இரண்டாம் முறை படித்தேன். கிலோ இருபத்து நான்கு ரிங்கிட், எங்கள் பேச்சில் வெள்ளி.

ஏப்ரல் மாதத்தில் அதே அட்டையில் பதினைந்து வெள்ளி ஐம்பது காசு என்று இருந்தது. அன்று வாங்காமல் திரும்பியவன் நான்தான்.

அதற்கு என்னிடம் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் நோன்பு மாதத்துக்காகக் கடைக்காரர்கள் பேரீச்சம்பழத்தையும் கிஸ்மிஸையும் குவித்துவிடுவார்கள். பெருநாள் முடிந்த மறுவாரம் மிஞ்சிய சரக்கைத் தள்ளிவிட விலையை இறக்குவார்கள். ஒரு மாதம் போனதும் இன்னொரு முறை இறக்குவார்கள்; இந்த வருடம் அது மே. பதினோரு வருடமாக நான் கவனித்து வந்தது இது. ஒரு வருடமும் தப்பியதில்லை.

என் மனைவி தீபாவளிக்கு ஆர்டர் எடுத்து, ஆவியில் அவிக்கும் பழக்கேக் செய்கிறாள். ஒரு கேக்குக்கு நானூறு கிராம் கிஸ்மிஸ். முப்பது கேக்குக்குப் பன்னிரண்டு கிலோ. ஏப்ரலில், "இப்பவே வாங்கிப் போடுங்க, ஐஸ்பெட்டியில இடம் இருக்கு" என்றாள். மே மாதம் கிலோ பதினான்குக்கு வரும், பதினெட்டு வெள்ளி மிச்சமாகும் என்று நான் பொறுத்திருந்தேன். மே மாதம் பதினேழானது. இவ்வளவு ஏறியது இறங்காமலா போகும் என்று மறுபடியும் பொறுத்திருந்தேன். ஒவ்வொரு முறை போகும்போதும் அட்டையில் புது எண் இருந்தது.

எங்கள் நட்டம் மட்டும் என்றால் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன். முப்பது கேக்கில் இருபது, கெலாங் பாத்தாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்ணுக்கு. எங்கள் ஊர் ரெங்கத்துக்குப் பக்கத்தில், நான் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவனாக, இருந்த ரப்பர் தோட்டத்தில் அவள் அப்பா பால் வெட்டினார். நாங்கள் முப்பது வெள்ளிக்குக் கொடுப்பதை அவள் தன்னுடன் வேலை செய்பவர்களுக்கு முப்பத்தைந்துக்கு விற்பாள். மிஞ்சும் நூறு வெள்ளி, பாலிடெக்னிக் விடுதியில் சேரப்போகும் மகளின் மெத்தைக்கும் வாளிக்கும் என்று சொல்லியிருந்தாள். ஆகஸ்டிலேயே எல்லாரிடமும் பணம் வாங்கி, எங்களுக்குரியதைக் கட்டியும்விட்டாள். இனி அவளால் விலையை மாற்ற முடியாது. மனைவியும் மாற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"என்ன கிராணி, பாத்துப் பாத்தே வெலய இறக்கிடுவீங்க போல?" என்றார் நானா, கல்லாவில் இருந்தபடி.

"ஏப்ரல்ல பதினஞ்சரை. இப்ப இருவத்துநாலு. இது என்ன அநியாயம் நானா?"

"ஏப்ரல்ல நான் கூப்புட்டேன்லா. நீங்கதான் மே மாசம் பாக்கலாம்னு கைய ஆட்டிட்டுப் போனீங்க."

"பழைய சரக்கப் பதுக்கி வச்சுப் புது வெலைக்கு விக்கிறீங்க."

சொன்ன பிறகுதான் கடையில் வேறு இரண்டு பேர் நிற்பதைப் பார்த்தேன். நானா கோபப்படவில்லை. எழுந்து என் முழங்கையைப் பிடித்துப் பின்பக்கம் அழைத்துப் போனார். வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு பெட்டிகள் அடுக்கியிருக்கும் இடத்தில் இரண்டுதான் இருந்தன. அதிலும் ஒன்று பிரித்தது.

"இதுதான் என் பதுக்கல். எண்ணிக்குங்க. உங்களுக்கு எண்ணாட்டித் தூக்கம் வராது."

எண்ணுவதற்கு என்ன இருந்தது! அவரே சொன்னார்.

"துருக்கியில ஏப்ரல்ல உறைபனி. திராட்சைக் கொடி துளிர் விடுற நேரம். அந்தத் துளிரெல்லாம் கருகிப் போச்சாம். சேதி வந்ததும் கையில காசு உள்ளவன் கிள்ளான் துறைமுகத்துல இருந்த சரக்க வாங்கிப் பூட்டிட்டான். எனக்குப் பத்துப் பெட்டி கேட்டா மூணுதான் தர்றான். கப்பல் கூலி வேற. நம்ம வெள்ளி மதிப்பு கொஞ்சம் தேறியிருக்கவும்தான் இந்த வெல. இல்லாட்டி முப்பதுக்குப் போயிருக்கும்."

"அப்ப அங்க தோட்டம் வச்சிருக்கவனுக்கு இந்த வருஷம் நல்ல லாபம்."

"எத வித்து?" என்றார் நானா.

எனக்கு முகம் சுட்டது. இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. தோட்டத்தில் விடியற்காலை மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும், பால் வெட்டு இல்லை. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நேராக 'மழை' என்று எழுதியவன் நான். எழுதிய ஒவ்வொரு 'மழை'யும் ஒருவருடைய ஒரு நாள் கூலி. அடைமழை மாதத்தில் பால் குறைந்து ரப்பர் விலை ஏறும். அப்போது டவுனில் தேநீர் குடிக்கப் போனால், "தோட்டத்துக்காரங்களுக்கு இப்ப யோகம்தான்" என்பார்கள். வெட்டப் பால் இல்லாதவனுக்கு விலை ஏறி என்ன பயன் என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது அதே பேச்சை நானே பேசிவிட்டேன்.

"உடைஞ்ச பழம் இருக்கு, கிலோ பதினாறு. பாதிக்குப் பாதி கலந்துட்டா யாருக்குத் தெரியும்?" என்றார் நானா.

"என் வீட்டம்மாவுக்குத் தெரியும்."

"அலமாக், அப்ப கலக்காதீங்க" என்று சிரித்தார். "இருவத்துமூணு போட்டுத் தர்றேன். அதுக்குக் கீழ கேட்டா கடையை நீங்களே எடுத்து நடத்துங்க."

பன்னிரண்டு கிலோ, இருநூற்று எழுபத்தாறு வெள்ளி. ஏப்ரலில் வாங்கியிருந்தால் நூற்று எண்பத்தாறு. கூடுதலைப் பங்கிட்டால் கேக்குக்கு மூன்று வெள்ளி. அதை ஏற்றினால் அந்தப் பெண்ணின் நூறு வெள்ளி நாற்பதாகிவிடும். நாற்பது வெள்ளிக்கு வாளி வரும், மெத்தை வராது.

கிளம்பும்போது, கடையில் மற்றவர்கள் கேட்கும்படியே, "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். "பைய இறுக்கிக் கட்டுங்க, ஈரம் பட்டா பழம் ஒட்டிக்கும்" என்றார் அவர். இரண்டு பிளாஸ்டிக் பைகள் போட்டிருந்தும், ரெங்கம் வருவதற்குள் காரை இரண்டு இடத்தில் நிறுத்தி, ஈரம் பட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்.

விலையைக் கேட்டதும் மனைவி முகம் வாடியது. "அப்ப நம்ம வெலய ஏத்தணுமா? அந்தப் புள்ளைகிட்ட என்னான்னு சொல்றது?"

"ஏத்த வேணாம். பதினஞ்சரைக்கு மேல உள்ளது என் கைக்காசு. காத்திருந்தது நான்தான்."

அவள் ஒரு கிஸ்மிஸை எடுத்து வாயில் போட்டு, "பழம் நல்லாத்தான் இருக்கு" என்று உள்ளே போனாள்.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால், நல்ல மழையில் அந்தப் பெண் வந்தாள். காரிலிருந்து இறங்கியதும் பர்ஸைத் திறந்துகொண்டே, "ஆன்ட்டி, எங்க பக்கம் கிஸ்மிஸ் வெலய கேட்டுப் பயந்துட்டேன். எவ்வளவு கூட்டித் தரணும்?" என்றாள்.

"ஒண்ணும் வேணாம்லா" என்றாள் மனைவி. "இவரு வெல இறங்கும் இறங்கும்னு ஆறு மாசம் காத்திருந்தாரு. அது இறங்கல. கடைசியில இவரே இறக்கிட்டாரு."

"ஐயாவா?" என்று அவள் என்னைப் பார்த்தாள். தோட்டத்தில் அரை நாள் கூலிக்கும் கையெழுத்துக் கேட்ட கிராணியை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு டப்பாக்களை எண்ணி ஏற்றினேன். இருபதும் சரியாக இருந்தன. அவள் பர்ஸை மூடிப் பைக்குள் போட்டாள்.

எனக்கு ஆனது தொண்ணூறு வெள்ளி.