கோச் வீட்டு வாசலில் நெட்ராவின் கார்

எங்கள் ஊர் கோச் வேலையை விட்டுப் போகிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் பேப்பர் படிக்க வேண்டாம். நெட்ரா ஃபோஷீயின் கார் எந்த வாசலில் நிற்கிறது என்று பார்த்தால் போதும். கல்வர்ட்டனில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

நெட்ரா வீடு விற்றுக் கொடுப்பவள். வயது ஐம்பத்தெட்டு. இருபத்தாறு வருடமாக எனக்கு அடுத்த வீடு. ஹாலோவே கல்லூரிக்கு ஃபுட்பால் கோச்சாக வந்த நான்கு பேருக்கும் இந்த ஊரில் வீடு பிடித்துக் கொடுத்தது அவள்தான். அதில் மூன்று பேரின் வீட்டை விற்று வழியனுப்பியதும் அவள்தான். அவளுடையது வெள்ளைக் கார். கதவில் அவள் முகம், பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி. பதினைந்து வருடத்துக்கு முன்னால் எடுத்த படம். மாற்றச் சொன்னால் கேட்க மாட்டாள்.

அணி தோற்றால் கல்லூரிப் பையன்கள் ஊரெல்லாம் அவள் நட்டிருக்கும், அதே முகம் போட்ட ‘விற்பனைக்கு’ பலகைகளைப் பிடுங்கிக் கொண்டுபோய் கோச் வீட்டுப் புல்தரையில் நட்டுவிடுவார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, கோச் உட்பட. பலகை வெறும் கேலி. கார் நின்றால் சேதி.

நெட்ராவுக்கு இரண்டு வாய் என்று நான் சொல்வேன். வீட்டு விஷயத்தில் அவள் வாய்க்குப் பூட்டு. யார் விவாகரத்து செய்கிறார்கள், யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒன்றும் வெளியே வராது. என் சொந்தத் தங்கை வீட்டை விற்கப் போகிறாள் என்று தெரிந்தே என்னோடு மூன்று வாரம் காப்பி குடித்தவள். ஃபுட்பால் விஷயத்தில் அந்த வாய்க்குக் கதவே கிடையாது. திங்கட்கிழமை ரேடியோவில் ரசிகர்கள் பேசும் நிகழ்ச்சிக்கு முதல் ஃபோன் அவளுடையதாகத்தான் இருக்கும்.

எங்கள் அணிக்குப் பெயர் கோவேறு கழுதைகள். இப்போதைய கோச் லைல் ப்ராக். வந்த முதல் வருடம் ஒன்பது ஆட்டம் ஜெயித்தார். அப்புறம் எட்டு, ஏழு, ஏழு, ஆறு. இந்த வருடம் நாலு ஜெயித்து எட்டில் தோற்றோம். படிக்கட்டு இறங்குவதுபோல இறங்கியிருக்கிறார். சீசன் முடிந்தபின் ஆடிய கூடுதல் ஆட்டங்களையும் சேர்த்தால் ஆறு வருடத்தில் நாற்பத்துமூன்று வெற்றி, முப்பத்துநான்கு தோல்வி. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாது.

குறை கண்டுபிடித்தவள் நெட்ரா. அக்டோபரில் ஒரு காலை, வில்மாவின் சாப்பாட்டுக் கடையில், எல்லோரும் பிஸ்கட் என்கிற மெத்தென்ற ரொட்டியில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று சொன்னாள்:

“நம்மகிட்ட அடி வாங்கறதுக்குன்னே வருஷத்துக்கு ரெண்டு குட்டிக் காலேஜு வருதுல்ல? ஆறு வருஷத்துக்குப் பன்னெண்டு. அதெல்லாம் ஒரு வெற்றியா? கழிங்க. மிச்சம் முப்பத்தொண்ணு. முப்பத்தொண்ணுக்கு முப்பத்துநாலு. இந்தாளு தோத்த கோச்சு. ஆள மாத்துங்க.”

முடி வெட்டும் ஹாய்ட் லேனியர் அன்றே தன் கடைக் கண்ணாடியில் சோப்பால் ‘31–34’ என்று பெரிதாக எழுதிவிட்டான். தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவன் அதைப் பார்க்காமல் எழுந்திருக்க முடியாது. அந்த எண் ஊரெல்லாம் பரவியது.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, வாரிக் கல்லூரியோடு கடைசி ஆட்டம். வாரிக் எங்கள் ஜென்ம எதிரி. இரண்டே புள்ளியில் தோற்றோம். நாலாவது, அதாவது கடைசி முயற்சி, கோட்டுக்கு ஒரே ஒரு கஜம்தான் பாக்கி; பந்தைக் கையில் பிடித்து முட்டிப் பார்க்காமல் உதைக்கிறவனை அனுப்பி மூன்று புள்ளி வாங்கிக்கொண்டார் ப்ராக். முட்டியிருந்தால் ஏழு வந்திருக்கும், ஜெயித்திருப்போம். வாரிக்கோடு ஆறு வருடத்தில் ஆறாவது தோல்வி. நெட்ரா அன்று அரங்கிலிருந்து கார் வரைக்கும் கத்திக்கொண்டே வந்தாள். தொண்டை கட்டிப் போயிற்று.

மறுநாள், சர்ச் முடிந்து வந்து நான் வைத்த கோழி கேசரோல், சீஸ் போட்டுச் சுடும் பண்டம், அடுப்பில் வெந்து முடியும் நேரத்தில் நெட்ரா பின்கதவு வழியாக உள்ளே வந்தாள்.

“அந்தக் கோழி யாருக்கு?”

“கோச் வீட்டுக்கு.”

எங்கள் ஊர்ப் பழக்கம் அது. சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவதுபோல, சீசன் தோற்றுப்போன கோச் வீட்டுக்கும் கொண்டுபோவோம். அவரைப் பிடிக்கிறவர்கள் மட்டும். எனக்கு ப்ராக்கைப் பிடிக்கும். ஜெயிக்கிறாரோ இல்லையோ, பையன்களைப் பரீட்சை எழுத வைக்கிறார்.

“நானும் வர்றேன். உன் வேன்ல போலாம்.”

“நீயா? நேத்துதான் அந்தாள ஊர விட்டே துரத்தணும்னு கத்தினே.”

“நேத்து நேத்து. கேள்வி கேக்காம கையுறையப் போட்டுத் தட்ட எடு.”

அவளுக்கு முகம் சரியில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். கொஞ்ச நேரம் மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். அப்புறம்தான் சொன்னாள். கோச்சின் மனைவி கார்லீன் காலையில் ஃபோன் பண்ணியிருக்கிறாள். ப்ராக் போகிறார். யாரும் துரத்தவில்லை, அவராகவே கிளம்புகிறார், கான்சாஸில் வேறு வேலை. பையன்கள் விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். வியாழக்கிழமை இரண்டு மணிக்குத்தான் எல்லோரும் ஒன்றாகக் கூடுவார்கள். அவர்களுக்குத் தன் வாயால் முதலில் சொல்ல வேண்டும், அதுவரை ஒரு ஈ எறும்புக்குத் தெரியக்கூடாது என்கிறார். ஆனால் வீட்டை இப்போதே பார்த்து வைத்தாக வேண்டும்; மெம்ஃபிஸிலிருந்து ஒரு டாக்டர் தம்பதி சனிக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள்.

“உன் கார் அங்க நின்னா...”

“அதான் சொல்றேன், உன் வேன்ல போலாம்னு.”

அதற்குமேல் விளக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் ஸ்டெகல் என்ற கோச் இருந்தார். அவரும் இப்படித்தான் கிளம்பினார், நெட்ராவும் இப்படித்தான் வீடு பார்க்கப் போனாள், தன் காரில். அரைமணி நேரம் வாசலில் நின்றது கார். ரேடியோக்காரன் அதைச் சொல்லிவிட்டான். அப்போது கோடி என்ற அவள் மகன் அணியில் இருந்தான், முன்வரிசைத் தடுப்பாள். பெட்ரோல் போட நின்றவனிடம் முன்பின் தெரியாத ஒருவன் வந்து, “உங்க கோச்சு கம்பி நீட்டிட்டாரே, தெரியாதா?” என்று கேட்டிருக்கிறான். கோடி நேராக வீட்டுக்கு வந்து, “யாரும்மா சொன்னது, உன் காரா?” என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். அந்த வருடத்தோடு விளையாட்டை விட்டான். நன்றாகத்தான் இருக்கிறான் இப்போது, டூப்பலோவில் வேலை, கல்யாணம் ஆகிவிட்டது. ஆனால் அவன் வந்தால் நெட்ரா வீட்டில் டிவியில் ஆட்டம் ஓடாது.

வேனில் போனோம். கோச் வீட்டுப் புல்லில் ஏழு நெட்ரா முகங்கள் சிரித்துக்கொண்டிருந்தன. எட்டாவது என் கேசரோலைத் தூக்கிக்கொண்டு படியேறியது. எதிர் வீட்டு ஜன்னல் திரை விலகுவதைப் பார்த்தேன். பார்க்கட்டும் என்றுதான் தட்டை அவள் கையில் கொடுத்திருந்தேன்.

கார்லீன் அழுதிருந்தாள். நெட்ரா ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. “அலமாரிக் கதவு ரெண்டு தொங்குது, அத மட்டும் சரி பண்ணிடுங்க” என்றாள். அறை அறையாக நீளம் அகலம் பார்த்தாள். ப்ராக் சமையலறையில் நின்று தட்டிலிருந்தே கரண்டியால் தின்றுகொண்டிருந்தார். நெட்ராவைப் பார்த்து, “முப்பத்தொண்ணுக்கு முப்பத்துநாலு. உங்க கணக்குதானாமே அது?” என்று கேட்டார்.

“ஆமா கோச்.”

“கணக்கு சரிதான்” என்றார். மறுபடி தின்ன ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை ரேடியோவுக்கு நெட்ரா ஃபோன் பண்ணவில்லை. அதுவே தப்பாகப் போயிற்று. செவ்வாய்க்கிழமைக்குள் ஊர் முழுவதும் இரண்டு சேதி: நெட்ரா கோச் வீட்டுக்குக் கோழி கொண்டுபோனாள், நெட்ரா வாயே திறக்கவில்லை. இரண்டையும் கூட்டிப் பார்க்க ஹாய்ட் போதும். அவன் முட்டாள் இல்லை.

“புதன்கிழமை நான் வில்மா கடைக்குப் போகலன்னா முடிஞ்சுது” என்றாள் என்னிடம். “போய் சும்மா இருந்தாலும் முடிஞ்சுது. உடனே ரேடியோவுக்குச் சொல்லிடுவான்.”

போனோம். ஹாய்ட் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

“வாங்கம்மா வாங்க, கோழிக்காரம்மா! என்ன, நடு சீசன்ல கட்சி மாறியாச்சா?”

“சீசன் முடிஞ்சு போச்சு ஹாய்ட். நீதான் இன்னும் எந்திரிக்கல.”

எல்லோரும் சிரித்தார்கள். அவன் விடவில்லை.

“நேரா கேக்கறேன். வீட்ட விக்கச் சொல்லிட்டானா?”

வில்மாகூடக் காப்பிக் கெண்டியைப் பிடித்தபடி நின்றாள். நெட்ரா இருபத்தாறு வருடத்தில் வீட்டு விஷயத்தில் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. ‘அதைச் சொல்ல மாட்டேன்’ என்பாள். அன்று அப்படிச் சொன்னால் அதுவே பதில்.

“வீடு விக்கப் போறவ கையில கோழியத் தூக்கிட்டா போவா?” என்றாள். “உன் கண்ணாடில எழுதி வெச்சிருக்கியே, அந்த நம்பர அழி.”

“அது நீ சொன்ன நம்பரு!”

“நான் சொன்னேன். தப்பா சொன்னேன். குட்டிக் காலேஜ கழிக்கணும்னா எல்லாருக்கும் கழி. ஸ்டெகல் அந்தக் குட்டிங்ககிட்டயே ரெண்டு தடவ தோத்தான். அப்போ எங்க இருந்துச்சு உன் சோப்பு? ஏழு வருஷத்துல அந்தாளு மொத்தம் ஜெயிச்சது இருபத்தொம்பது. எம்பையன் ஆடுனப்ப அடி வாங்கறதுக்குன்னே ஊர் ஊராப் போனது யாரு? நாமதான்! நாமதான்டா குட்டிக் காலேஜு. இந்தாளு வந்த பின்னாடிதான் நம்மகிட்ட அடி வாங்க நாலு பேரு வர்றான். நாப்பத்துமூணு. ஒண்ணக்கூடக் கழிக்க விட மாட்டேன்.”

“சரிம்மா. வாரிக்கோட ஆறுக்கு ஆறு தோத்தானே, அதுக்கு?”

நெட்ரா காப்பியை ஒரு வாய் குடித்தாள்.

“அதுக்கு எங்கிட்டயும் பதில் இல்ல” என்றாள்.

இதைச் சொன்னதும்தான் எல்லோரும் நம்பினார்கள் என்று நினைக்கிறேன். பொய் சொல்கிறவள் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

“அப்ப அவன் இருக்கட்டும்ங்கறியா?” ஹாய்ட் குரல் இறங்கியிருந்தது.

“இருந்தா ஒண்ணும் கெட்டுப் போகாதுங்கறேன்.”

ஹாய்ட் கையை விரித்தான். “போச்சுடா. இருக்கப் போறான். இல்லாட்டி இவ ஏன் தொண்டத்தண்ணி வத்தக் கத்தறா?” ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். யாரும் ரேடியோவுக்கு ஃபோன் பண்ண எழுந்திருக்கவில்லை.

வேனில் ஏறியதும் கேட்டேன், “ஏமாத்திட்டேல்ல?”

“ஆமா” என்றாள். பெல்ட்டைப் போட இரண்டு தரம் தடவினாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குச் செய்தி வந்துவிட்டது. மூன்றரைக்கு ஹாய்ட், முடி வெட்டும் துண்டைத் தோளில் போட்டபடியே, எங்கள் தெருவில் நின்று கத்தினான்.

“இருபது வருஷமா வீட்டு விஷயத்துல உன் வார்த்தைன்னா பைபிள் மாதிரிம்மா எனக்கு! இனிமே உன் வார்த்தைய எவன் நம்புவான்?”

“நம்பாத” என்றாள் நெட்ரா, வாசலில் இலை கூட்டிக்கொண்டே. அவன் மகள் கல்யாணம் முடிந்து வீடு பார்த்துக்கொண்டிருந்தாள், நெட்ரா மூலமாகத்தான். அடுத்த வாரம் வேறு ஆளிடம் போய்விட்டாள். வில்மா கடையில் நெட்ரா உட்கார்ந்தால் பக்கத்து மேஜையில் பேச்சு குறைகிறது. எனக்கே சில நேரம் கோபம் வருகிறது, அவள் மேல் இல்லை, இவர்கள் மேல்.

செய்தி வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, மளிகைக் கடையில் அவளும் நானும் வரிசையில் நின்றோம். கல்லாவில் இருந்தவள் லவோன். அவள் மகன் கோவேறு கழுதைகளின் நடுத் தடுப்பாள், பந்தை முதலில் கையில் எடுக்கிறவன். நெட்ராவைப் பார்த்ததும் லவோன் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு முட்டையைத் தட்டித் தட்டிப் பையில் வைத்தாள். நெட்ரா கேட்டேவிட்டாள்.

“லவோன், உம்பையனுக்கு யார் சொல்லித் தெரிஞ்சுது?”

“யாரு சொல்லுவா? கோச்சுதான். எல்லாரையும் உக்கார வெச்சு, ஃபோனையெல்லாம் ஒரு கூடைல போடச் சொல்லிட்டுச் சொன்னாராம். எம்பையன் அழுதுட்டே ஃபோன் பண்ணான். ‘ஒருத்தனுக்கும் முன்னாடி தெரியலம்மா, எங்களுக்குத்தான் மொதல்ல சொன்னாரு’ன்னான்.”

நெட்ரா முட்டைப் பெட்டியைத் திறந்து, உடைந்திருக்கிறதா என்று பார்த்து, மூடினாள். மூக்கை உறிஞ்சினாள்.

“நல்லது” என்றாள். அப்புறம், “அந்த நாலாவது முயற்சிக்கு ஏன் உதைக்கச் சொன்னாருன்னு உம்பையன் கேட்டானா?”

லவோன் கை நின்றது. “கேக்கலயே.”

“கேட்டிருக்கணும். ஒரே ஒரு கஜம்! உம்பையன் சும்மா முன்னால விழுந்திருந்தாலே போயிருக்கும்.”

“அதையேதான் நானும் எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன்!”

எனக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், “உதைச்சதுதான் சரி. காத்து நமக்குச் சாதகமா இருந்துச்சு” என்றது.

“யாருய்யா அது?” என்று திரும்பினாள் நெட்ரா. நான் ஐஸ்கிரீம் உருகுவதற்குள் அதை அவள் கூடையிலிருந்து எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனேன்.