அக்கா பாலிஷ் மெஷின் பிடித்த கதை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்காக நான் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருந்தால், "இன்னாடா இம்மாந்தூரம் இழுக்கற? ஜல்தியா முடி" என்றுதான் சொல்லியிருப்பார். எனக்குப் பொறுமை கிடையாது என்று ஊரே சொல்லும். அக்காவுக்கு என்னைவிடக் கிடையாது. அப்படிப்பட்டவர், பொறுமையே மூலதனமான ஒரு வேலையை நடுவயதுக்கு மேல் கற்றுக்கொண்டார். அதைத்தான் எழுத வந்தேன்.

விழுப்புரத்தை அடுத்த கெடாரில், நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் பயிரிடும் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. அம்மா சீக்கிரம் போய்விட்டதால், தம்பிகள் எங்கள் இருவருக்கும் தலை வாரிவிட்டதும் அவர்தான், முதுகில் இரண்டு வைத்ததும் அவர்தான். திண்டிவனத்தில் கார் கழுவிப் பாலிஷ் போடும் கடை வைத்திருந்த மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. மாமாவும் கடையும்தான் அவருக்கு எல்லாம்.

ஒரு மழைநாளில் மாமா பைக்கிலிருந்து விழுந்து வலது தோளை உடைத்துக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கையில் பழைய வலு வரவில்லை. பாலிஷ் மெஷின் கனமானது, சுற்றும்போது ஆளையே இழுக்கும். கூட வேலை செய்தவரும் வெளிநாடு போய்விட்டார். வெறும் தண்ணீர் அடித்துக் கழுவுவதை நம்பிக் கடையை நடத்த முடியாது. நானும் தம்பியும் கலந்து பேசி, கெடார் வீட்டில் ஓர் அறைக்கு வெள்ளையடித்துவிட்டு, இருவரையும் வந்துவிடச் சொன்னோம். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அக்காதான் பேசினார்.

"நீங்க நல்ல மனசோடதான் கூப்புடறீங்க. ஆனா அவரு மாமியார் வீட்டுச் சோத்துக்குக் காத்துக்கினு உக்கார்றத என்னால பாக்க முடியாதுடா. மெஷின நான் புடிக்கிறேன்."

"மிக்ஸி மூடியே உனக்குச் சரியாப் போடத் தெரியாதேக்கா" என்றேன்.

"வாய மூட்றா."

காயலான் கடையிலிருந்து பழைய கார் பானெட் ஒன்றை வாங்கி வந்து, இரண்டு ஸ்டூல்களின் மேல் கிடத்திப் பழக ஆரம்பித்தார். தோசை ஊற்றிப் பழகிய கை அல்லவா! மெஷினையும் நடுவிலிருந்து சுற்றிச் சுற்றியே ஓட்டினார். நிழலில் பார்த்தால் பளபளவென்று இருக்கும். வெயிலில் இழுத்துப் போட்டால் பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கோடு தெரியும். "நேரா ஓட்டும்மா" என்று மாமா சொல்லத்தான் செய்தார். இரண்டு முறை நேராகப் போகும், மூன்றாம் முறை கை தானாக வளைந்துவிடும். "பேஜாரு புடிச்ச மெஷினு" என்று அதைத் திட்டுவார். மறுபடியும் எடுப்பார்.

அலுத்துப்போய் ஒருநாள் கெடாருக்கு வந்தார். அறையைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று எங்களுக்கு ஒரே சந்தோஷம். காற்று எப்படி வருகிறது பார் என்று ஜன்னலைத் திறந்து காட்டினோம். வெளியே எங்கள் கொல்லை நிலத்தில் மல்லாட்டை விதைப்புக்கு டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. நேராகப் போய்த் திரும்பி, முன்பு உழுத சாலில் பாதியைச் சேர்த்துக்கொண்டு அடுத்த சால் போட்டது. நிலம் முழுக்க முடிந்ததும் குறுக்கே உழ ஆரம்பித்தது. அக்கா ஜன்னலை விட்டு அசையவில்லை.

"ரூம் எப்டிக்கா இருக்குது?" என்றான் தம்பி.

"பாதி சால் மேல ஏறிப் போறான் பாரு. அப்பறம் குறுக்கால வர்றான். அடச்சே! நம்ம கொல்லையில நடக்கறத வுட்டுட்டு நான் தோச சுட்டுக்கினு இருந்தேனே!"

அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். அறையைப் பற்றி நல்லது கெட்டது ஒரு வார்த்தை இல்லை.

அதன்பிறகு பானெட்டில் வட்டம் விழவில்லை. ஆனால் பழைய பானெட் வேறு, ஓடுகிற கார் வேறு. புதிதாகப் பழகிய ஒரு பெண்மணியை நம்பி முதலில் வண்டியை விடுவது யார்? அந்தச் சமயம் பார்த்து நான் என் புதுக் கறுப்புக் காரில் மேல்மலையனூர் அமாவாசைக்குப் போய்வந்திருந்தேன். பானெட்டில் வைத்த சந்தனமும் குங்குமமும் வெயிலில் காய்ந்துபோக, அதை வறட்டுத் துணியால் தேய்தேய் என்று தேய்த்து, பூனை பிறாண்டியதுபோல் ஆக்கி வைத்திருந்தேன். அந்தக் கோலத்திலேயே அக்கா கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"சாவியக் குடு" என்றார் அக்கா.

"அக்கா, வண்டி புதுசுக்கா."

"புதுச வச்சிக்கினு இருக்கற லட்சணமா இது? குடுடா."

நான் கொடுக்கவில்லை, அவர்தான் பிடுங்கிக்கொண்டார். எதிர்க்கடையில் வாங்கிய டீ என் கையிலேயே ஆறிப்போனது. அக்கா நேராக ஓட்டினார், குறுக்கே ஓட்டினார். ஒயர் பெயிண்டில் உரசாமல் மாமா இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நகர்ந்தார். "அழுத்தாத, மெஷின் வெயிட்டே போதும்" என்று அவர் சொல்ல, "தெரியும், தெரியும்" என்று இவர் சொல்ல, பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. சாயங்கால வெயிலில் பார்த்தேன். ஒரு கோடு இல்லை.

"இரு, இங்க வந்து பாரு. கதவோரத்துல நகக்கண் அளவு பெயிண்ட் போயிடுச்சு. ஓரத்துக்கு டேப்பு ஒட்டியிருக்கணும், ஒட்டல. என் தப்புதான்" என்று அவரே காட்டினார். காட்டாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. அக்காவின் குணம் அது.

அந்த வண்டியைப் பார்த்து இன்னொன்று வந்தது, பிறகு வளவனூரிலிருந்தெல்லாம் வந்தன. அமாவாசைக்கு மறுநாள் கடையில் நிற்க இடமிருக்காது. "சாமிக்குப் பொட்டு வைங்க, வேணாங்கல. காஞ்சதுக்கப்பறம் தண்ணி ஊத்திக் கழுவுங்க, தேய்க்காதீங்க" என்று ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்துச் சொல்லுவார். இரண்டு ஆட்களை வேலைக்கு வைக்கும் அளவுக்குக் கடை வளர்ந்தது.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது நோய் முற்றியிருந்தது. கடைசி வாரங்களில் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு ரோஷக்காரருடா. நான் போனப்பறம் பாவம்னு சொல்லிக் கூட்டிக்கினு போயிடாத" என்றார். நான் அழுதேன்.

அக்காவைத் தங்கள் தாயைப்போல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற டிரைவர் தம்பிகளுக்கும், சமையலைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்ட தெருப் பெண்களுக்கும், இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. காரியங்கள் எல்லாம் முடிந்த சில நாட்களில், அக்கா சொன்னதையும் மீறி, மாமாவை அழைத்துவர நானும் தம்பியும் திண்டிவனம் போனோம். மாமாவைத் தனியாக விட எங்களுக்கு மனம் கேட்கவில்லை. கடை திறந்திருந்தது, வேலை நடந்துகொண்டிருந்தது. நாங்கள் வாயைத் திறப்பதற்குள், "வாங்க மச்சான், மொதல்ல சாப்புடலாம்" என்று உள்ளே அழைத்துப்போய் இலை போட்டார் மாமா. சரியாக எழாத அந்த வலது கையாலேயே மெல்ல மெல்லச் சோறு பரிமாறினார். "போதும் மாமா" என்றால் கேட்கவில்லை.

எதற்காக வந்தோம் என்பதை நாங்கள் சொல்லவே இல்லை. வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினோம்.